அலமாரியிலிருந்து மெய்ப்பு மேசைக்கு: ஒரு பழைய டேப்லெட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. வயது எழுபதை நெருங்குகிறது. வீட்டிலிருந்தபடியே புத்தகக் கைப்பிரதிகளுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறார், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறார், மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நான் தொழில்முறையில் பழுதுபார்ப்பவன் அல்ல. தெரிந்தவர்களின் கணினி, போன் சிக்கல்களைப் பார்த்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அவர் எல்லாவற்றையும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவில் திருத்துவார். காகிதச் செலவு கட்டாமல் மேசைக் கணினிக்கு மாறினார். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முதுகு ஒத்துழைக்கவில்லை. வீட்டில் ஐந்தாண்டுக்கு முன் பரிசாக வந்த டேப்லெட் ஒன்று இருந்தது. சில மாதம் வீடியோ பார்க்க உதவியது, அப்புறம் அலமாரிக்குப் போய்விட்டது. வெளியே எடுத்துப் பார்த்தபோது மூன்று புகார்கள்: வேகம் இல்லை, சார்ஜ் நிற்பதில்லை, படித்தால் கண் வலிக்கிறது. புதிது வாங்கித் தருவதாகப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

"இதை வச்சு ஏதாவது பண்ண முடியுமான்னு பாரு தம்பி. முடியலைன்னா புதுசு வாங்கிக்கலாம்."

சாதனத்தின் விவரம்: 10.1 அங்குலத் திரை, 1920 × 1200 புள்ளிகள், 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 9. பேட்டரி 7300 மில்லி ஆம்பியர்-மணி. கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

முதல் நாள் பார்த்தது

அன்று எந்த செட்டிங்கையும் தொடவில்லை. "நீங்க வழக்கம்போல வேலை பாருங்கம்மா, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தேன். இதைச் செய்திருக்காவிட்டால் நேராக ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிது போல ஆக்குவது) செய்து, வேகம் கூடிவிட்டது என்று கொடுத்துவிட்டு வந்திருப்பேன். மூன்றில் ஒரு புகார்தான் தீர்ந்திருக்கும்.

அவர் டேப்லெட்டை நெட்டுவாக்கில் இடது கையில் பிடித்திருந்தார். கைப்பிரதி ஏ4 அளவு பிடிஎஃப். ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு விரலால் பெரிதாக்குவார், வரி முடிய வலப்பக்கம் இழுப்பார், அடுத்த வரிக்கு மறுபடி இடப்பக்கம் இழுப்பார். ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு இழுப்பு எண்ணினேன். இருபது நிமிடத்தில் கை வலித்து மடியில் வைத்துவிட்டார். மடியில் வைத்ததும் கழுத்து குனிந்தது. பின்னால் ஜன்னல், அதன் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்க, பிரைட்னஸை முழுதாக ஏற்றி வைத்திருந்தார். ஒரு மணி நேரத்தில் ஆறு நோட்டிஃபிகேஷன் குறுக்கே வந்தது. ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு, விட்ட வரியைத் தேடினார்.

ஸ்டோரேஜில் மிச்சம் ஒரு ஜிபிகூட இல்லை. சார்ஜர் எங்கே என்று கேட்டேன். அது தொலைந்து நாளாகிவிட்டதாம். கணினியின் யுஎஸ்பி துளையில் ஒரு நீளக் கேபிளைச் செருகி வைத்திருந்தார்.

சார்ஜ் புகார்

இது ஐந்து நிமிட வேலை. கணினியின் பழைய யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது இரண்டரை வாட். பேட்டரியின் கொள்ளளவோ சுமார் 28 வாட்-மணி. திரையை அணைத்து வைத்தாலே நிரம்பப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முழு வெளிச்சத்தில் ஓடும் திரை தின்பது இரண்டரை வாட்டை விட அதிகம். அதனால்தான் "சார்ஜ் போட்டாலும் இறங்குது" என்றார். பேட்டரி செத்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த டேப்லெட்டுக்குச் சொல்லப்பட்ட சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர், பத்து வாட். வீட்டிலேயே ஒரு போனின் சார்ஜரில் அதே எண்கள் அச்சிட்டிருந்தன. கேபிளையும் தடித்த, குட்டையானதாக மாற்றினோம். நீளமான மெல்லிய கேபிளில் வோல்டேஜ் குறைந்துபோகும், சாதனம் குறைவான மின்னோட்டத்தையே இழுக்கும். மூன்றரை மணி நேரத்தில் நிரம்பியது. பேட்டரிக்கு வயதாகியிருக்கிறது, ஆனால் சாகவில்லை.

கண் வலிக்குக் காரணம்

பிள்ளைகள் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். நான் ஒரு அளவுகோல் எடுத்து அளந்து பார்த்தேன்.

10.1 அங்குலம் என்பது மூலைக்கு மூலை. நெட்டுவாக்கில் பிடித்தால் அகலம் 13.6 சென்டிமீட்டர், உயரம் 21.7. ஏ4 தாளின் அகலம் 21. அதைத் திரைக்குள் அடக்கினால் 65 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து எட்டுப் புள்ளிக்கும் கீழே போய்விடும். கதை படிக்கிறவர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது ஆகாது. ஒற்றின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே அவர் பார்க்க வேண்டியது. கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்திருக்கிறதா, 'ஔ'வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டப்பட்டிருக்கின்றனவா என்பதெல்லாம் அந்த அளவில் தெரியாது. பெரிதாக்கத்தான் வேண்டியிருந்தது, பெரிதாக்கினால் இழுக்க வேண்டியிருந்தது.

படுக்கைவாக்கில் திருப்பினால் அகலம் சரியாக வந்துவிடும், ஆனால் ஒரு பக்கத்தில் பாதிகூடத் தெரியாது.

எடுத்த முடிவுகள்

இந்த டேப்லெட் இனி மெய்ப்பு வேலைக்கு மட்டும். இதுதான் முதல் முடிவு, மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது. 2 ஜிபி ரேமில் வீடியோ அழைப்பு, அரட்டை, செய்தி, படிப்பு எல்லாம் ஓட வேண்டும் என்றால் எதுவும் ஓடாது. அழைப்புக்கும் அரட்டைக்கும் அவரிடம் போன் இருக்கிறது. வங்கிச் செயலியைப் போட்டுத் தரச் சொன்னார். மூன்று வருடமாகப் பாதுகாப்பு அப்டேட் வராத சாதனத்தில் அது வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கைப்பிரதிகள் வந்துபோகத் தனியாக ஒரு மின்னஞ்சல் கணக்கு மட்டும் திறந்தோம். உலாவி அப்போது ப்ளே ஸ்டோர் வழியாகத் தனியே அப்டேட் ஆகிக்கொண்டிருந்ததால் அதை மட்டும் புதுப்பித்து வைத்தேன்.

படங்களையும் வீடியோக்களையும் கணினிக்கு நகலெடுத்து, சரிபார்த்து, பிறகு ஃபேக்டரி ரீசெட். ஸ்டோரேஜ் நிரம்பினால் டேப்லெட் ஏன் மந்தமாகிறது என்று கேட்டார். ஃபிளாஷ் மெமரியில் பழைய எழுத்தின் மேலேயே புதிதாக எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். காலி இடம் இருக்கிறவரை அது சிரமமில்லை. இடமே இல்லாதபோது, ஒரு சின்ன கோப்பைச் சேமிக்கவும் இருப்பதை அங்கே இங்கே நகர்த்தி இடம் பண்ண வேண்டும். "நிரம்பின பீரோவுல ஒரு புடவை வைக்கிற மாதிரி" என்றார். அதேதான். இப்போது பாதிக்கு மேல் காலி. 280 பக்கக் கோப்பு திறக்க 40 நொடி எடுத்தது 9 நொடிக்கு இறங்கியது.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான செட்டிங்கில், திரை மாறும்போது வரும் அனிமேஷனின் நேர அளவைப் பாதியாக்கினேன். அதனால் உண்மையில் வேகம் கூடாது. காத்திருக்கும் உணர்வு குறையும், அவ்வளவுதான். ஆனால் அவர் முதலில் பாராட்டியது இதைத்தான்.

ஏ4 சிக்கலுக்கு, பக்க ஓரங்களை வெட்டிக் காட்டும் பிடிஎஃப் செயலி ஒன்றைப் போட்டேன். ஓரம் இரண்டரை சென்டிமீட்டர் வீதம் இரண்டு பக்கமும் போனால் எழுத்துப் பகுதியின் அகலம் 16. அது 13.6-க்குள் 85 சதவீதமாக அடங்கும், 12 புள்ளி எழுத்து பத்துப் புள்ளியாகத் தெரியும். உயரமும் திரைக்குள் சரியாக நிற்கும். ஒரு பக்கம் முழுதாக, இழுப்பே இல்லாமல்.

முதல் வாசிப்புக்கு வேறு வழி. கைப்பிரதியின் மூல வேர்டு கோப்பை வாங்கி ஈபப் என்ற மின்னூல் வடிவமாக மாற்றினோம். ஈபப்பில் எழுத்து எத்தனை பெரிதானாலும் வரி தானே மடங்கிக்கொள்ளும். கூடவே உரையைக் குரலில் வாசிக்க வைத்தோம். அவர் கண்ணால் தொடர்ந்துகொண்டே கேட்பார். விட்டுப்போன சொல்லும், இரண்டு முறை வந்த "ஒரு"வும் காதில் உடனே இடறும். பலமுறை படித்த கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் றகர ரகரத்தையும் னகர நகரத்தையும் குரல் பிரித்துக் காட்டாது. அதனால் இரண்டாம் வாசிப்பு பிடிஎஃப்பில், கண்ணால் மட்டும். பக்க எண் வேண்டும் என்பதாலும் அது அவசியம். ஈபப்பில் பக்கம் என்பதே நிலையாக இருக்காது. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கோப்பு வந்தால் குரல் உளறும், அப்போது முதலில் எழுத்துருவை மாற்றியாக வேண்டும். அப்படி ஒன்று வந்தது. அரை நாள் போயிற்று.

டேப்லெட்டைச் சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்டு. நாற்காலியைத் திருப்பிப் போட்டதில் ஜன்னல் பக்கவாட்டுக்கு வந்தது, பிரைட்னஸ் பாதிக்கு இறங்கியது. ஹோம் ஸ்கிரீனில் நான்கு ஐகான்கள். நோட்டிஃபிகேஷன் மொத்தமும் நிறுத்தம்.

தவறிய இரண்டு

எல்லாம் சரியாகவே நடந்தது போல எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

முதலாவது என் அதிகப்பிரசங்கித்தனம். இடம் போதாமல் போய்விடக் கூடாதே என்று ஒரு மெமரி கார்டைப் போட்டு, அதை 'உள் ஸ்டோரேஜாக'ப் பயன்படுத்தும்படி அமைத்தேன். ஆண்ட்ராய்டு 6-லிருந்து இருக்கும் வசதி. மறுநாளே புகார்: செயலி திறக்க முன்பைவிட அதிக நேரம். கார்டில் 'கிளாஸ் 10' என்று போட்டிருந்ததை நம்பினேன். அந்த எண் தொடர்ச்சியாக எழுதும் வேகத்தைத்தான் சொல்லும், நொடிக்கு 10 எம்பி. செயலிகள் செய்வது சின்னச் சின்னத் துண்டுகளை அங்கங்கே படிப்பதும் எழுதுவதும். அதற்கென்று ஏ1, ஏ2 என்று தனிக் குறி இருக்கிறது. ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் முடியும். நான் போட்ட கார்டில் அந்தக் குறியே இல்லை. இன்னொரு தொல்லை, அப்படி அமைத்த கார்டு அந்தச் சாதனத்துக்கே பூட்டப்பட்டுவிடும், கழற்றி வேறெங்கும் படிக்க முடியாது. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே நகர்த்தி, கார்டைச் சாதாரணமாக, முடிந்த கைப்பிரதிகளை வைக்க மட்டும் அமைத்தேன். ஒரு மாலை வீண்.

இரண்டாவது பெரியது. 214 பக்கக் கைப்பிரதி ஒன்றில் பதினோரு நாள் வேலை செய்து, அறுநூற்றுச் சொச்சம் குறிப்புகள் போட்டு, செயலியிலிருந்தே 'பகிர்' அழுத்தி அனுப்பிவிட்டார். மறுநாள் பதிப்பாசிரியரிடமிருந்து போன்: "என்னம்மா, ஒரு தப்புகூட இல்லையா? சுத்தமா இருக்கே!"

அவர் என்னைக் கூப்பிட்டபோது குரல் கம்மியிருந்தது. டேப்லெட்டில் குறிப்புகள் தெரிகின்றன, அனுப்பிய கோப்பில் ஒன்றுமில்லை. அந்தச் செயலி திருத்தங்களைக் கோப்புக்குள் எழுதாமல் தன்னுடைய தனிக் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் மேலே போட்டுக் காட்டியிருக்கிறது. பகிர்ந்தபோது போனது வெறும் மூலக் கோப்பு. பிடிஎஃப் 2008-லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகிவிட்டது, குறிப்புகளைக் கோப்புக்குள்ளேயே எப்படி எழுத வேண்டும் என்பதும் அதில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. எல்லாச் செயலிகளும் அதன்படி நடக்கும் என்று நான் எண்ணிக்கொண்டது தவறு. 'குறிப்புகளுடன் ஏற்றுமதி' என்ற வசதி மெனுவில் மூன்றாம் அடுக்கில் இருந்தது. அதைப் பயன்படுத்தி இன்னொரு நகல் எடுத்தோம், குறிப்புகள் வந்துவிட்டன.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறு. இரண்டு நாள் முன்னால், இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அந்தச் செயலியின் தரவை அழிக்கப் பார்த்தேன். வேறு ஏதோ வேலை வந்து விட்டுவிட்டேன். அழித்திருந்தால் பதினோரு நாள் உழைப்பும் போயிருக்கும்.

மீட்டெடுத்த நகலிலும் ஒரு குறை. பக்கத்தின் மேலேயே பெட்டி போட்டு எழுதிய குறிப்புகளில் தமிழ் உடைந்திருந்தது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தை விட்டுத் தனியே நின்றன. தொட்டால் விரியும் ஒட்டுக் குறிப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் பிறகு அந்த வகை மட்டும்தான். செயலியையும் மாற்றினோம். மாற்றும் முன், ஒரு பக்கக் கோப்பில் மூன்று வகைக் குறிப்புப் போட்டு, வேறு கணினிக்கு அனுப்பி, வேறு மென்பொருளில் திறந்து பார்த்தோம். அதற்கு ஆனது நான்கு நிமிடம்.

ஸ்டைலஸ் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்புப் பேனா பழக்கம் விடாததால் ரப்பர் முனை ஸ்டைலஸ் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். இந்தத் திரைக்கு விரலும் ஸ்டைலஸும் உள்ளங்கையும் ஒன்றுதான். கையை ஊன்றினால் அங்கே ஒரு கோடு விழும். கையை ஊன்றி எழுத வேண்டும் என்றால் திரைக்குள்ளேயே பேனாவை உணரும் அடுக்கு இருக்க வேண்டும், அதைப் பின்னால் சேர்க்க முடியாது. திரையில் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினார். கணினியில் ஏற்கெனவே அதில்தான் தட்டுவார் என்பதால் இரண்டு நாளில் பழகிவிட்டது.

நடந்தது என்ன

நான்கு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் டேப்லெட்டில் வேலை செய்கிறார், இடையிடையே எழுந்து நடந்துவிட்டு. ஒரு முழு சார்ஜில் ஆறு மணி நேரம் ஓடுகிறது. எண்பது சதவீதத்தில் பிடுங்கிவிடுகிறார். முழு சார்ஜிலேயே கிடந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும் என்று நான் சொன்னதை என்னைவிடக் கறாராகப் பின்பற்றுகிறார். கண் வலி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. கண்ணாடியையும் மாற்றினார், அதனால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நான் எதிர்பாராதது ஒன்று. பக்கம் கட்டி வரும் இறுதி மெய்ப்பு டெமி என்ற புத்தக அளவில் இருக்கும், ஏறக்குறைய 14 × 21.5 சென்டிமீட்டர். டேப்லெட் திரை 13.6 × 21.7. அச்சாகப்போகும் பக்கம் கிட்டத்தட்ட அதே அளவில் திரையில் நிற்கிறது. வரி இறுதியில் சொல் உடையும் இடமும், பக்கத்தின் தலையில் தனியாக விழும் கடைசி வரியும் இப்போது காகிதத்தில் போலவே கண்ணில் படுகின்றன என்றார். அதற்காகவே செய்த திரை போல இருக்கிறது.

குறையும் இருக்கிறது. இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டிய வேலைக்கு இந்த டேப்லெட் ஆகவில்லை. திரையைப் பிரிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் 2 ஜிபி ரேமில் ஒன்றைத் தொட்டால் மற்றது மறுபடி முதலிலிருந்து திறக்கிறது. அதற்கு மட்டும் மேசைக் கணினிக்குப் போகிறார், முதுகைப் பிடித்துக்கொண்டு. படங்கள் நிறைந்த புத்தகங்களும் திணறுகின்றன. புதிது வாங்குவது ஒத்திப்போடப்பட்டிருக்கிறது.

மறுபடி செய்தால்

குறிப்புகள் போட்ட கோப்பு அந்தப் பக்கம் போய் எப்படித் திறக்கிறது என்ற சோதனையை முதல் நாளே செய்வேன். வேகத்துக்கும் திரைக்கும் அத்தனை மெனக்கெட்டவன், வேலை முடிந்து வெளியே போகும் வழியைப் பார்க்கவே இல்லை. மெமரி கார்டைத் தொடவே மாட்டேன்.

கைப்பிரதி அனுப்புகிறவர்களிடம், ஏ4-க்குப் பதில் டெமி அளவில் பக்கம் அமைத்து அனுப்பச் சொல்லியிருக்கலாம். வேர்டில் ஒரு நிமிட வேலை. ஓரம் வெட்டும் செயலியே தேவைப்பட்டிருக்காது. இதை யோசித்தது நானல்ல. மூன்றாம் மாதம் அவரே இரண்டு பதிப்பாசிரியர்களிடம் கேட்டுவிட்டார். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் இன்னும் ஏ4-இல்தான் அனுப்புகிறார்.